மாஸ்கோவிலிருந்து வந்த மறுப்பு: 1933 உக்ரைன் பஞ்சமும் பத்திரிகைகளும்

1933 மார்ச் மாதக் கடைசி வாரத்தில் நியூயார்க் நகரின் இரண்டு நாளிதழ்கள் சோவியத் நாட்டைப் பற்றி ஒன்றுக்கொன்று நேரெதிரான செய்திகளை வெளியிட்டன. ரஷ்யாவைப் பஞ்சம் பிடித்திருக்கிறது, மக்கள் லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மார்ச் 29 அன்று ‘நியூயார்க் ஈவினிங் போஸ்ட்’ எழுதியது. மார்ச் 31 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ அதை மறுத்தது. ரஷ்யர்கள் பசியோடு இருக்கிறார்கள், ஆனால் பட்டினியால் சாகவில்லை என்பது அதன் தலைப்பின் சாரம். முதல் செய்திக்கு ஆதாரம் காரெத் ஜோன்ஸ் என்ற 27 வயது வேல்ஸ் நாட்டு இளைஞர். மறுப்பை எழுதியவர், முந்தைய ஆண்டுதான் புலிட்சர் பரிசு பெற்றிருந்த வால்டர் டுராண்டி. பெயரும் பரிசும் பெரிய பத்திரிகையின் பலமும் மறுத்தவர் பக்கம் இருந்தன. உண்மை மற்றவர் பக்கம் இருந்தது.

பஞ்சம் வானம் பொய்த்து வந்ததல்ல. 1928-இல் தொடங்கிய முதல் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு இயந்திரங்கள் வேண்டியிருந்தன. அவற்றை வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், அதற்கு விற்க தானியம் வேண்டும். 1929 முடிவிலிருந்து உழவர்களின் நிலத்தையும் கால்நடைகளையும் கூட்டுப்பண்ணைகளில் சேர்க்கும் வேலை பலவந்தமாக நடந்தது. ஓரளவு வசதியாக இருந்தவர்கள் ‘குலாக்கு’ என்று முத்திரை குத்தப்பட்டுக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கும் வடக்குப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். கூட்டுப்பண்ணைக்குக் கொடுக்க மனமில்லாமல் பலர் தங்கள் மாடுகளை வெட்டித் தின்றார்கள். விளைச்சல் விழுந்தது, அரசின் கொள்முதல் இலக்கு மட்டும் அதற்கேற்பக் குறையவில்லை. 1932 ஆகஸ்ட் 7-ஆம் தேதிச் சட்டம் கூட்டுப்பண்ணைச் சொத்தைத் திருடினால் மரண தண்டனை, சலுகை காட்டினால் 10 ஆண்டுச் சிறை என்றது. அறுத்த வயலில் கதிர் பொறுக்கியவர்கள்மீதும் அது பாய்ந்தது. இலக்கை எட்டாத கிராமங்கள் கருப்புப் பட்டியலில் ஏறின. அங்கே உப்பும் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்கூடப் போகவில்லை. 1933 ஜனவரி 22-ஆம் தேதி வந்த உத்தரவு, உக்ரைனிலிருந்தும் வடக்கு காகசஸிலிருந்தும் உழவர்கள் பிழைப்புத் தேடி வெளியேறுவதைத் தடுத்தது. இவ்வளவுக்கும் நடுவில் தானிய ஏற்றுமதி நின்றுவிடவில்லை. உக்ரைனியர்கள் இந்தப் பஞ்சத்தை ‘ஹோலொடொமோர்’ என்கிறார்கள்.

இத்தனை பெரிய சாவு உலகப் பத்திரிகைகளில் ஒரு சர்ச்சையாக மட்டும் தோன்றியதற்குக் காரணம், மாஸ்கோவில் செய்தி தயாரான விதம். வெளிநாட்டு நிருபர் தட்டச்சு செய்த செய்தியை வெளியுறவுத் துறையின் பத்திரிகைப் பிரிவுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அங்கே தணிக்கை அதிகாரி படிப்பார். வேண்டாத வரிகளை அடிப்பார், சில இடங்களில் சொல்லை மாற்றச் சொல்லிப் பேரம் பேசுவார். கடைசியில் முத்திரை வைப்பார். முத்திரை இல்லாத தாளைத் தந்தி அலுவலகம் வாங்காது. தணிக்கையை மீறிச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் வெளிநாடு போகிறவர் கையில் கொடுத்தனுப்பலாம், அல்லது நட்புள்ள தூதரகத்தின் தபால் பையில் சேர்க்கலாம். ஆனால் அச்சானதும் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். அடுத்த முறை விசா புதுப்பிக்கப்படாது. வேலை போகும், மாஸ்கோவில் வீடு போகும், சோவியத் குடிமகளை மணந்தவராக இருந்தால் அவள் நிலைமை இன்னும் மோசம். 1932-இல் ரியா கிளைமன் என்ற கனடா பெண் நிருபர் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டது மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக இருந்தது. 1933 பிப்ரவரியிலிருந்து, அனுமதியில்லாமல் நிருபர்கள் மாஸ்கோவைத் தாண்டிப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. பஞ்சம் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்த மாதம் அது.

டுராண்டி இந்த உலகத்தின் முடிசூடா மன்னர். 1884-இல் லிவர்பூலில் பிறந்த ஆங்கிலேயர். 1920-களின் தொடக்கத்திலிருந்தே மாஸ்கோவில் ‘டைம்ஸ்’ நிருபராக இருந்தார். 1924-இல் பிரான்சில் நடந்த ரயில் விபத்தில் ஒரு காலை இழந்தவர். பேச்சில் கெட்டிக்காரர், ஸ்டாலினைப் பேட்டி கண்டவர். லெனினுக்குப் பிறகு மேலே வரப்போவது ஸ்டாலின்தான் என்று முன்கூட்டியே கணித்தவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. 1931-இல் ஐந்தாண்டுத் திட்டம் பற்றி எழுதிய கட்டுரைகளுக்காக 1932-இல் புலிட்சர் கிடைத்தது. அவருக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. உணவுத் தட்டுப்பாடு கடுமையாகிறது என்று 1932 முடிவில் அவரே எழுதியிருந்தார். தெரிந்ததை எந்த அளவுக்குச் சொல்வது என்பதில்தான் அவர் தவறினார். அந்த அளவைத் தன் இடத்துக்கு ஆபத்து வராத அளவாக அவர் வைத்துக்கொண்டார்.

ஜோன்ஸ் வந்த வழி வேறு. 1905-இல் வேல்ஸின் பாரி ஊரில் பிறந்தவர். அவர் தாய் இளம் வயதில் உக்ரைனுக்குப் போய், யூசோவ்கா நகரத்தை நிறுவிய வேல்ஸ் தொழிலதிபர் ஜான் ஹியூஸின் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். இன்றைய டோனெட்ஸ்க்தான் அந்த யூசோவ்கா. தாய் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த மகன் கேம்பிரிட்ஜில் ரஷ்ய மொழி படித்தார். 1930-இல் முன்னாள் பிரதமர் லாயிட் ஜார்ஜிடம் வெளியுறவு விவகார ஆலோசகரானார். அந்த ஆண்டே சோவியத் நாட்டுக்குப் போய், தாய் வாழ்ந்த ஊரையும் பார்த்தார். 1931-இல் மறுபடியும் போனார். 1932 அக்டோபரிலேயே கார்டிஃப் நகரத்து ‘வெஸ்டர்ன் மெயில்’ நாளிதழில், வரும் குளிர்காலத்தில் ரஷ்யர்களுக்குக் கஞ்சியாவது கிடைக்குமா என்ற கேள்வியோடு எழுதியிருந்தார்.

1933 மார்ச்சில் மூன்றாவது முறையாகப் போனபோது, மாஸ்கோவில் வெளிநாட்டவருக்கான கடையில் உணவு வாங்கி முதுகுப்பையில் அடைத்துக்கொண்டு கார்கிவ் பக்கம் போகும் ரயிலில் ஏறினார். பெட்டியில் உடன் வந்த ஒரு கம்யூனிஸ்ட் பஞ்சமே இல்லை என்று வாதாடினார். ஜோன்ஸ் தான் தின்றுகொண்டிருந்த ரொட்டியின் ஓரத்தை எச்சில் துப்பும் கலத்தில் எறிந்தார். பக்கத்திலிருந்த உழவர் ஒருவர் அதைக் கைவிட்டு எடுத்து ஆவலோடு தின்றார். அடுத்து ஆரஞ்சுத் தோலை எறிந்தார், அதையும் அவர் எடுத்துத் தின்றார். வாதாடியவர் வாயை மூடிக்கொண்டார்.

கார்கிவுக்கு முன்னாலேயே ஜோன்ஸ் ரயிலை விட்டு இறங்கினார். தண்டவாளத்தை ஒட்டிய கிராமங்கள் வழியாகப் பனியில் நடந்து, உழவர் வீடுகளில் தங்கினார். ரொட்டி இல்லை, சாகிறோம் என்ற பேச்சையே போன இடமெல்லாம் கேட்டார். ஓர் இரவு தங்கிய கிராமத்தில் முன்பு இருநூறு மாடுகள் இருந்தன, இப்போது ஆறு. மாட்டுத் தீவனத்தை மனிதர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். அதுவும் ஒரு மாதத்துக்கே வரும். யாரோடு பேசினார், என்ன கேட்டார், என்ன பதில் வந்தது என்பதை அங்கங்கே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பெர்லினுக்கு வந்த பிறகு மார்ச் 29 அன்று பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். ‘ஈவினிங் போஸ்ட்’, ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ ஆகியவை அன்றே வெளியிட்டன. சொன்னவரின் பெயரோடு வெளிவந்த முக்கியமான நேரடிச் சாட்சியம் அது.

இதற்குச் சில நாள் முன்பே, மார்ச் 25, 27, 28 தேதிகளில், ‘மான்செஸ்டர் கார்டியன்’ மூன்று கட்டுரைகள் வெளியிட்டிருந்தது. வடக்கு காகசஸுக்கும் உக்ரைனுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போய்வந்த மால்கம் மக்கெரிட்ஜ் எழுதி, பிரிட்டிஷ் தூதரகத் தபால் பையில் அனுப்பியவை. அவர் பெயர் அச்சாகவில்லை. இடதுசாரிகளுக்கு நெருக்கமான அந்தப் பத்திரிகை அவற்றைச் சுருக்கித்தான் வெளியிட்டது. கண்ணால் பார்த்தது பெயரில்லாமல், குறைத்து, உள்ளே போடப்பட்டால் அதன் பலமும் குறையும். ஆனாலும் இரண்டு பேர், ஒருவர் சொல்லி ஒருவர் எழுதாமல், தனித்தனியாகப் போய் ஒரே காட்சியைக் கண்டிருந்தார்கள் என்பது அந்த மாதத்திலேயே அச்சில் இருந்தது. படிக்கிறவர் இரண்டையும் அருகருகே வைத்திருந்தால் டுராண்டியின் மறுப்பு வருவதற்கு முன்பே பாதி விடை கிடைத்திருக்கும்.

மறுப்பைக் கவனமாகப் படித்தால் மீதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது. ஜோன்ஸ் கார்கிவ் அருகே நாற்பது மைல் நடந்ததை வைத்து ஒரு பெரிய நாட்டையே எடைபோட்டுவிட்டார், இது அவசரத் தீர்ப்பு என்றார் டுராண்டி. தான் சோவியத் அமைச்சகங்களிலும் வெளிநாட்டுத் தூதரகங்களிலும் தனக்குத் தெரிந்தவர்களிடமும் விரிவாக விசாரித்ததாகச் சொன்னார். அதாவது ஒருவர் கிராமத்தில் நடந்தார், மற்றவர் தலைநகரில் கேட்டார். விசாரித்த இடங்களில் முதலாவது, மறைப்பதில் நேரடி நலன் உள்ள அரசு. உக்ரைனிலும் வடக்கு காகசஸிலும் கீழ் வோல்காவிலும் நிலைமை மோசம் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். ஊட்டக்குறைவால் வரும் நோய்களில் பலர் இறக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் பட்டினிச் சாவு இல்லை என்றார். முட்டையை உடைக்காமல் ஆம்லெட் போட முடியாது என்ற பழமொழியையும் இடையில் சேர்த்தார். சாவைத் தகவலாகக் கொடுத்துவிட்டு அதன் பெயரை மட்டும் மாற்றிய செய்தி அது. முழுப் பொய்யாக இருந்தால் எளிதில் பிடிபட்டிருக்கும். பாதி உண்மை கலந்திருந்ததால்தான் அது நிதானமான, அனுபவசாலியின் குரலாக ஒலித்தது.

மற்ற நிருபர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு அதே மார்ச்சில் நடந்த ஒரு கைது விளக்கம் தருகிறது. மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ் என்ற பிரிட்டிஷ் மின்பொறி நிறுவனத்தின் பொறியாளர்கள் உளவு, நாசவேலைக் குற்றச்சாட்டில் பிடிபட்டார்கள். ஏப்ரலில் நடக்கவிருந்த அவர்கள் வழக்குதான் உலகம் எதிர்பார்த்த செய்தி. நீதிமன்றத்துக்குள் இடம் கிடைக்காத நிருபரைத் தலைமை அலுவலகம் மன்னிக்காது. அந்த இடத்தைக் கொடுப்பது பத்திரிகைப் பிரிவின் கையில் இருந்தது. அங்கே முக்கியப் பொறுப்பில் இருந்தவர் கான்ஸ்டான்டின் உமான்ஸ்கி. யுனைடெட் பிரஸ் நிருபர் யூஜின் லயன்ஸ் பிறகு சோவியத் ஆதரவைக் கைவிட்டு, 1937-இல் எழுதிய நினைவு நூலில் இதை விவரித்தார். நிருபர்கள் உமான்ஸ்கியோடு ஒரு விடுதி அறையில் கூடி, ஜோன்ஸை எப்படி மறுப்பது என்று பேசி முடித்து, பிறகு வோட்கா அருந்தியதாக அவர் எழுதினார். அந்தக் கூட்டம் அவர் சொன்னபடியே நடந்ததா என்று சில வரலாற்றாசிரியர்கள் ஐயப்படுகிறார்கள். அந்த ஐயத்துக்கு இடம் உண்டு. ஆனால் கூட்டமே நடக்காமல் இருந்தாலும் பேரம் இருந்தது. வழக்குச் செய்தி வேண்டும் என்றால் பஞ்சச் செய்தி கூடாது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை.

ஜோன்ஸ் ஒதுங்கிவிடவில்லை. ‘நியூயார்க் டைம்ஸ்’ ஆசிரியருக்கு அவர் எழுதிய பதில் கடிதம் மே 13 அன்று வெளியானது. அந்தக் கடிதம் இன்றைக்கும் படிக்கத் தக்கது, ஏனென்றால் அதில் ஆத்திரம் குறைவு, ஆதாரம் அதிகம். தன் முடிவு கிராம நடையை மட்டும் நம்பியதல்ல என்றார். பல நாடுகளைச் சேர்ந்த இருபது முப்பது தூதரக அதிகாரிகளின் கூற்று, உழவர்களோடு நேரில் பேசியது, ரஷ்யாவில் குடியேறியிருந்த ஜெர்மானியர்கள் தாய்நாட்டுக்கு எழுதிய உதவி கேட்கும் கடிதங்கள் என்று வரிசைப்படுத்தினார். தூதரக அதிகாரிகளுக்குப் பத்திரிகையில் பேச அனுமதியில்லை, அதனால்தான் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை என்று காரணமும் தந்தார். தணிக்கை மாஸ்கோ நிருபர்களை மங்கலச் சொல் வழங்குவதில் வல்லவர்களாக்கிவிட்டது என்று சுட்டிக்காட்டினார். சொல்கிறவர் எங்கே நின்றார், யாரிடம் கேட்டார், எதைச் சொல்ல முடியவில்லை என்பதை இவ்வளவு வெளிப்படையாக வைத்த பதில் அந்த ஆண்டின் பத்திரிகை எழுத்தில் அரிது. ஆனாலும் ஓர் ஆசிரியர் கடிதத்துக்கு, செய்திப் பக்கத்தில் வரும் நிருபரின் பெயருக்கு இருக்கும் கனம் கிடையாது.

கோடையில் சாவு இன்னும் ஏறியது. ஆகஸ்ட் முடிவில் பிரான்சின் முன்னாள் பிரதமர் எதுவார் எரியோ உக்ரைனுக்கு வந்தார். அவர் வருவதற்கு முன்பே தெருக்களும் பண்ணைகளும் தயார் செய்யப்பட்டிருந்தன. உக்ரைன் பூத்துக் குலுங்கும் தோட்டம்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊர் திரும்பினார். பஞ்சம் என்ற செய்தி மிகை அல்லது விஷமப் பிரசாரம் என்று டுராண்டி அதே மாதம் எழுதினார். செப்டம்பரில் அனுமதி பெற்றுத் தெற்கே போய், அறுவடை நன்றாக இருப்பதாகவும் எழுதினார். ஆனால் அந்தப் பயணத்திலிருந்து திரும்பியபின் பிரிட்டிஷ் தூதரகத்தில் அவர் பேசியது வேறு. உணவில்லாததால் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஒரு கோடிப் பேர் வரை இறந்திருக்கலாம் என்று அவர் சொன்னதைத் தூதரக அதிகாரி லண்டனுக்கு அறிக்கையாக அனுப்பினார். தூதரக அறையில் ஒரு கோடி, பத்திரிகையில் மிகை. இந்த ஒரு ஆவணமே டுராண்டியின் மீதான வழக்கை முடித்துவிடுகிறது. அவர் ஏமாந்தவர் என்ற வாதம் அதற்குப் பிறகு நிற்காது. அறிக்கை கோப்பில் கிடந்தது. பஞ்சம் பற்றிய பிரிட்டிஷ் ஆவணங்களின் தொகுப்பு நூலாக வந்தது 1988-இல்தான். 1933 நவம்பரில் அமெரிக்கா சோவியத் அரசை அங்கீகரித்தது. பேச்சுவார்த்தைக்காக வாஷிங்டன் சென்ற சோவியத் வெளியுறவு அமைச்சர் லித்வினோவோடு டுராண்டியும் பயணம் செய்தார்.

பொய் மறுப்பை விடவும் உண்மைக்குக் கேடு செய்தது இன்னொரு பக்கத்திலிருந்து வந்த பொய்யான ஆதரவு. 1935 பிப்ரவரியில் ஹெர்ஸ்ட் குழுமப் பத்திரிகைகள் உக்ரைன் பஞ்சம் பற்றி ‘தாமஸ் வாக்கர்’ என்பவரின் தொடரைப் பெரிய படங்களோடு வெளியிட்டன. அந்தப் பெயரே போலி. எழுதியவர் அமெரிக்கச் சிறையிலிருந்து தப்பியவர். படங்களில் பல 1921-22 வோல்கா பஞ்சத்தைச் சேர்ந்தவை. சோவியத் அனுதாபியான லூயி ஃபிஷர் ‘தி நேஷன்’ வார இதழில் இந்தத் தொடரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். அவர் காட்டிய குறைகள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து, பஞ்சமே கட்டுக்கதை என்ற முடிவுக்குப் போக வழி பிறந்தது. அரை நூற்றாண்டு கழித்தும், பஞ்சத்தை மறுக்க நினைத்தவர்கள் அந்தப் போலிப் படங்களையே எடுத்துக் காட்டினார்கள். உண்மையான படங்களும் இருந்தன. கார்கிவில் வேலை பார்த்த ஆஸ்திரியப் பொறியாளர் அலெக்ஸாண்டர் வீனர்பெர்கர் 1933-இல் தெருவில் விழுந்து கிடந்தவர்களை ரகசியமாகப் படம்பிடித்து, தூதரகப் பை மூலம் வெளியே கொண்டுவந்தார். அவை அச்சாகியும் இருந்தன. ஆனால் போலி பரவிய அளவுக்கு அசல் பரவவில்லை.

சோவியத் நாட்டுக்குள் நுழைய ஜோன்ஸுக்குத் தடை விதிக்கப்பட்டது. அவர் ‘வெஸ்டர்ன் மெயிலில்’ வேலை பார்த்தார், பிறகு கிழக்காசியாவுக்குப் போனார். 1935 ஆகஸ்டில் மஞ்சூகுவோ எல்லைப் பகுதியில் கொள்ளையர்களிடம் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்திருக்கும். டுராண்டி 1957 வரை வாழ்ந்து ஃபுளோரிடாவில் இறந்தார்.

எண்ணிக்கையைச் சரியாகச் சொல்லும் வழி அப்போது யாரிடமும் இல்லை. 1937 ஜனவரியில் எடுத்த சோவியத் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இருக்க வேண்டியவர்களில் பெருந்தொகையினர் இல்லை என்று காட்டியது. அரசு அதை ரத்து செய்து, நடத்திய அதிகாரிகளைக் கைது செய்தது. ஆவணக் காப்பகங்கள் திறந்த பிறகு மக்கள்தொகை ஆய்வாளர்கள் செய்த கணக்கில் உக்ரைனில் மட்டும் சுமார் 35 முதல் 39 லட்சம் பேர் அளவுக்கு மீறி இறந்தார்கள் என்று தெரிகிறது. கஜகஸ்தானில் இறந்தவர்கள் 10 லட்சத்துக்கு மேல். ஆகவே டுராண்டி தூதரகத்தில் சொன்ன ஒரு கோடியும் மிகைதான். ஜோன்ஸ் தான் கண்டதை மட்டும் சொன்னதால் திருத்த வேண்டியது குறைவாக இருக்கிறது. இது இனப்படுகொலையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு தொடர்கிறது. உக்ரைன் நாடாளுமன்றம் 2006-இல் ஆம் என்று சட்டம் இயற்றியது. பஞ்சம் நடந்தது, அரசின் செயலால் நடந்தது என்பதில் வேறுபாடு இல்லை. 1990-இல் உக்ரைன் கம்யூனிஸ்ட் கட்சியே அதை ஒப்புக்கொண்டு ஆவணங்களை வெளியிட்டது.

அதே 1990-இல் டுராண்டி பற்றி சாலி டெய்லர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தபோது, இந்தப் பத்திரிகையில் வந்த மிக மோசமான செய்திகளுள் டுராண்டியுடையவையும் அடங்கும் என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் கருத்துப் பக்கத்தில் எழுதியது. 2003-இல் அந்தப் பத்திரிகையே வரலாற்றாசிரியர் மார்க் வான் ஹேகனிடம் ஆய்வு கேட்டது. டுராண்டியின் 1931 கட்டுரைகள் சோவியத் அரசின் வாதத்தை விமர்சனமின்றி ஏற்றவை என்று கண்ட அவர், பரிசைத் திரும்பப் பெறுவதே நல்லது என்றார். புலிட்சர் குழு ஏற்கவில்லை. பரிசு 1931-இல் எழுதியவற்றுக்கு, 1933 பஞ்சச் செய்திக்கு அல்ல; அந்தக் கட்டுரைகளில் வேண்டுமென்றே ஏமாற்றியதற்குத் தெளிவான சான்று இல்லை என்பது அதன் விளக்கம். விதியின்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் 1933-இல் வாசகர்கள் ஜோன்ஸை விட்டு டுராண்டியை நம்பக் காரணமான தகுதிகளில் முதலாவது அந்தப் பரிசுதான். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நியாயமாகவாவது அது திரும்பப் பெறப்பட்டிருக்க வேண்டும். 1932-ஆம் ஆண்டுக்கான புலிட்சர் பட்டியலில் டுராண்டியின் பெயர் இன்றும் நீக்கப்படாமல் இருக்கிறது. ஜோன்ஸின் குறிப்பேடுகள் அபரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.